நான் அடைக்கச் சொன்ன ஐந்து ஓட்டைகள்

நாவற்குடா என்று எழுதியிருந்த பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டிப் போய்விட்டது. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். நடுவில் கண்ணைக் கொண்டுபோய், 'நா'வைப் பிடித்து, 'வ'வுக்கு வருவதற்குள் பலகை பின்னால் போய்விட்டது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எதையும் நிதானமாகத்தான் படிப்பேன். பஸ்ஸுக்கு அந்த நிதானம் இல்லை.

கண்டக்டரிடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொழும்பில் பஸ் ஏற்றிவிட்ட மருமகனின் சிநேகிதர், "கூட யாரும் வரட்டா அம்மா?" என்று கேட்டபோது, "கடல் தாண்டி வந்தவளுக்கு ஒரு பஸ் தெரியாதா?" என்று சொன்ன வாய் இது. அந்த வாயால் எப்படிக் கேட்பது? நடுத்தெருவில் வரிசையாகப் பேரீச்ச மரம் நட்டிருந்த ஊர் ஒன்று வந்தது. பாலைவனத்துக்கே கொண்டுபோகிறானோ என்று பயந்துவிட்டேன். பிறகு தென்னை, மணல், ஒரு கோவில், மறுபடி தென்னை.

கண்டக்டர் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அம்மா, நீங்க நாவற்குடா எண்டுதானே சொன்ன? அது எப்பயோ போயிட்டு!"

குருக்கள்மடத்தில் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரத் தேநீர்க் கடையில் ஒரு பெண் எனக்கு நாற்காலி போட்டாள். பால் இல்லாத தேத்தண்ணி, கையில் ஒரு துண்டு சர்க்கரை. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். என் துண்டு கை தவறித் தேத்தண்ணிக்குள் விழுந்து, சத்தமில்லாமல் கரைந்து இறங்கிவிட்டது. என் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீவி நாடகத்துல கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்க. மகளப் பாக்கவா வந்த?"

"மகள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள்."

"வீடு ஆர் குடுத்த?"

இது என்ன கேள்வி என்று முழித்தேன். "நான்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்றாள், ஏதோ பரீட்சையில் நான் தேறிவிட்டதைப் போல. மருமகனுக்குப் போன் போட்டுத் தந்ததும் அவள்தான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய் வீடு கொடுக்க வேண்டும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். எங்கள் ஊர் வழக்கத்துக்குத் தலைகீழ். என் மகள் செல்வி கத்தாரில் நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில், அங்கே மின்சார வேலை பார்த்த ரவியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அவன் ஊருக்கு வந்தபோது, யாரோ ஒருத்தி, "பாவம், வீடில்லாத பொம்புள" என்று சொல்லிவிட்டாளாம். செல்வி போனில் அழுதாள். என் பெண்ணைப் பார்த்து ஒருத்தி பாவம் என்று சொல்வதா? கொள்ளிடக் கரையில் என் பங்குக்கு வந்த நிலத்தை விற்றேன். வீடு எழும்பியது.

இரண்டு நிபந்தனை மட்டும் போட்டேன். தரையை மண் அடித்து இடுப்பளவு உயர்த்த வேண்டும். சுற்றிலும் மதில் வேண்டும். வெள்ளம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கொள்ளிடம் புரண்டு வந்து எங்கள் வீட்டுக்குள் மூன்று முறை படுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாலாவது முறைக்கு முன்னால், ஆள் பிடித்து, சுவருக்கு அடியில் ஜாக்கி வைத்து, முழு வீட்டையும் மூன்றடி தூக்க வைத்தேன். எங்கள் தெருவில் தூக்கிய முதல் வீடு என்னுடையது. பிடிவாதம் என்னுடையது, கையெழுத்து என் மகனுடையது. வேடிக்கை பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

இங்கே மதில் கட்டும்போது செல்வி போனில் படம் காட்டினாள். அடியில், தரையை ஒட்டி, ஐந்து ஓட்டை. ஒவ்வொன்றிலும் பூனை நுழையலாம். பக்கத்தில் நின்ற மேசனைக் கூப்பிடச் சொன்னேன். காத்தான்குடிக்காரர், பாயிஸ் என்று பெயர், சிரித்த முகம்.

"இது என்னப்பா ஓட்டை?"

"தண்ணி போகத்தான் அம்மா."

"தண்ணி எதுக்கு என் மகள் வாசல் வழியாப் போகணும்? பாம்பு வரும். கல்லை மிச்சம் பிடிக்கிறியா? அடை."

"தண்ணிக்கு வழி வேணும் அம்மா..."

"அடைன்னு சொல்றேன்ல."

அவர் செல்வியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "வீடு குடுக்கிற ஆள் சொன்னா அடைக்கத்தானே வேணும்" என்று சிரித்தார். மறுநாள் செல்வி படம் காட்டினாள். மதில் வழவழவென்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன், கடல் தாண்டியும் ஒரு கொத்தனாரை வேலை வாங்கிவிட்டேன் என்று.

நான் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பால் காய்ச்சினோம். பொங்கலை இங்கே புக்கை என்கிறார்கள். பெயர்தான் வேறு, கரண்டியை விட்டு இறங்காத அதே குழைவு. தை பிறந்தும் மழை சரியாகப் பெய்யவில்லை, இந்த வருஷம் மாரி பிந்திவிட்டது என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடியும்போது முதல் தூறல் விழுந்தது. எல்லாரும் சந்தோஷமாக அண்ணாந்து பார்த்தார்கள்.

மதிலுக்குப் பின்னால் உள்ள வீட்டுக்காரி பூமணி, ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கும். தயிரைக் கரண்டியால் எடுத்தால் வெட்டியெடுத்த மாதிரி வந்தது. மேலே பனம்பாணி ஊற்றினாள். எங்கள் ஊரில் தயிர் என்று குடிப்பதை இங்கே கொண்டுவந்து காட்டினால் கை கழுவத் தண்ணீர் என்று நினைப்பார்கள்.

தெருவிலிருந்து ஐந்து படி ஏறி வந்தவள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "முந்தி குறுக்கால வந்திருவன்கா. இப்ப ஊரச் சுத்தி வந்து மலையும் ஏற வேண்டிக் கிடக்கு. கோட்டையல்லோ கட்டியிரிக்கீங்க!"

"கோட்டைதான். தண்ணி உள்ளே வராது பாருங்க" என்றேன். வீட்டைத் தூக்கிய கதையையும் சொன்னேன்.

"வீட்டையா? ஆக்கள் உள்ளுக்க இரிக்கவா?"

"நான் உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்."

அவளுக்கு வாய் மூடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்றாள்.

"எந்தத் தண்ணி?"

"உங்கட வீட்டுக்க வந்து கொண்டிருந்த தண்ணிதான். வீடு மேல போயிட்டு. தண்ணி வேற எங்கயும் போகத்தானே வேணும்?"

"எங்கேயாவது போயிருக்கும்" என்று சொல்லி, அவள் இலையில் இன்னொரு கரண்டி புக்கை வைத்தேன்.

மூன்றாம் நாள் மழை விடவே இல்லை. எங்கள் ஊர் மழை காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு வரும். இங்கே சத்தமில்லாமல், ஒரே அளவில், ஊற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது மழை இல்லை, இந்த மனிதர்கள். ஒருவரும் பதறவில்லை. சின்ன வயதிலிருந்து செய்யும் வேலையைப் போலச் செய்தார்கள். நான் நின்ற உயரத்திலிருந்து மதிலுக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. பூமணி கட்டிலின் கால்களுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தினாள். அரிசிப் பானையைக் கூரை வளைமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் மின்சார பிளக் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இல்லை என்று ரவி சொன்னான். கிணற்றுக் கட்டைக்கூடக் கழுத்தளவு உயர்த்தியிருக்கிறார்கள், வெள்ளத்து அழுக்கு உள்ளே போகாமலிருக்க.

கடைசியில் பூமணி முன்கதவையும் பின்கதவையும் மலர்த்தித் திறந்து, காற்றில் அடிக்காமல் கயிறு போட்டுக் கட்டினாள். எனக்குப் பகீர் என்றது. வெள்ளத்துக்குக் கதவைத் திறந்து வைப்பாளா ஒருத்தி?

"பூமணி! கதவைச் சாத்து! சாக்கு வெச்சு அடை!" என்று கத்தினேன்.

"பூட்டினா சுவரைத் தள்ளும்கா!" என்று அவளும் கத்தினாள். "திறந்து விட்டா வந்த மாதிரிப் போயிரும்!"

நான் செல்வியிடம், "உன் ஊர்ப் பெண்களுக்குப் பைத்தியம்" என்றேன்.

நாலாம் நாள் வெயில் அடித்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. துணி காயப்போட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நேற்று முதல் படியைத் தொடாத தண்ணீர், வெயிலில் மினுமினுத்துக்கொண்டு இரண்டாம் படியில் இருந்தது. மழை பெய்து தண்ணீர் ஏறினால் பார்த்திருக்கிறேன். பட்டப்பகல் வெயிலில், சத்தமில்லாமல், ஏறுகிற தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மேல குளம் எல்லாம் திறந்திட்டாங்க மாமி" என்றான் ரவி. "வயல் எல்லாம் நிரம்பி இப்ப ஆத்துக்கு வருது." வாவியை இங்கே ஆறு என்கிறார்கள். "ஆறு கடலுக்குப் போற வாய மணல் மூடிக் கிடக்கு. அத வெட்டினாத்தான் இறங்கும்."

"வெட்ட வேண்டியதுதானே!"

அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. எங்கள் வாசலுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் வலை போடுகிறவர், மற்றவர் வயல்காரர்.

"இப்ப வாய வெட்டினா றால் முழுக்கக் கடலுக்குப் போயிரும். பிறகு உங்கட வெள்ளாமைய வெச்சா நான் வலை வீசுற?"

"வெட்டாட்டி வெள்ளாமை அழுகிரும். உங்கட றாலுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு இரிக்காது மச்சான், யோசிச்சுக் கொள்ளுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டு, மறுபடி சண்டை போட்டார்கள். மறுநாள் காலையில் வெட்டுவதாகச் செய்தி வந்தது. வலைக்காரர்தான் முதலில் மண்வெட்டியோடு போனாராம்.

அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டு முகப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒரு தையல் மெஷின், இரண்டு டீவி, மூட்டை மூட்டையாக நெல், பள்ளிக்கூடப் புத்தகங்கள், இரண்டு குட்டியோடு ஓர் ஆடு. உயரமான வீடு இது ஒன்றுதான் என்று எல்லாரும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணி போட்டு ஊற்றினேன். "அம்மா இல்லாட்டி இண்டைக்கு எங்கட பாடு என்ன?" என்று ஒருத்தி சொன்னாள். என் காதுக்கு அது பாட்டு மாதிரி இருந்தது. என் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. மதிலுக்கு உள்ளே நான் வந்ததும் நட்ட வாழைக்கன்று ஐந்தும் காய்ந்த தரையில் நின்றன. இந்த ஊருக்கு வீடு கட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள், வெட்டுவதைப் பார்க்கக் கிளம்பினோம். ஆட்டோ பாதி வழியில் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. சாரதி இறங்கி, இஞ்சினைத் திறந்து பார்த்து, "இதுக்கு நீந்தத் தெரியாதும்மா" என்றார். மீதியை நடந்தோம். முகத்துவாரத்தில் பெக்கோ இயந்திரம் மணலைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு வாய்க்கால் அகலம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை இரண்டு பக்கமும் பிட்டுப் பிட்டு விழுந்தது. தெரு அகலம் ஆயிற்று, பிறகு ஆற்றகலம். மாவட்டத்துத் தண்ணீர் முழுக்க அந்த ஒரு வாய் வழியாகக் கடலுக்குள் ஓடியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்த வாக்கில், யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரியே மிதந்து போனது. கூட்டம் கை தட்டியது. எனக்குக் கை தட்ட வரவில்லை. இத்தனை பெரிய தண்ணீருக்கு ஒரு முழ அகலத்துக்கு வழி விட்டால் போதும், அதுவே மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பதைக் கண்ணால் கண்டு நின்றுகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் காலையில் தெருவெல்லாம் வடிந்துவிட்டது. சுவர்களில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, வாசலில் சேறு, அவ்வளவுதான். ஆட்டுக்காரி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். பெண்கள் தென்னம் விளக்குமாறால் சேற்றைத் தள்ளினார்கள்.

நான் முகப்பில் நின்று மதிலுக்கு மேலாகப் பார்த்தேன். வீட்டு மனையை இங்கே வளவு என்கிறார்கள். பூமணியின் வளவில் மட்டும் தண்ணீர் நின்றது. அவள் வீட்டிலும், அதற்குப் பக்கத்து இரண்டு வீட்டிலும். சதுரமாக, அசையாமல், ஒரு குளம் மாதிரி. அந்தக் குளத்தின் கரை என் மதில்.

எட்டு மணி இருக்கும். நாலு பெண்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பூமணி வரவில்லை. ரவி வெளியே போனான். அவர்கள் அவனிடம் பேசவில்லை. அவர்களில் கட்டையான ஒருத்தி என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அம்மா, மேட்டுப் பக்கத் தண்ணியெல்லாம் பூமணியக்காட வளவால வந்து, இந்த வளவால போய்த்தான் ஆத்துல விழுற. இப்ப மதில் மறிச்சிட்டு. அவட வீடு பச்சைக் கல்லு, சுடாத கல்லு. இனியும் நிண்டா கரைஞ்சிரும். நீங்க ஓம் எண்டா பாயிஸக் கூப்பிட்டு ஒரு பக்கம் உடைப்பம்."

நான் மருமகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "இதுல நான் கதைக்க ஏலா மாமி. நீங்க குடுத்த வீடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் ஆண்பிள்ளைகள் பேசி முடித்துவிட்டு, கடைசியில் நமக்குத் தகவல் வரும். இங்கே ரவியோடு ஐந்து பேர் என் ஒரு வார்த்தைக்காக வெயிலில் நிற்கிறார்கள். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வீட்டைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்டார்கள். நான் சொன்ன பதில் இது: "புது மதில். இடிக்க முடியாது. மோட்டார் வெச்சு இறைச்சுக்குங்க."

"கரண்ட் இல்லையே அம்மா."

"வந்ததும் இறைங்க."

சண்டை போடுவார்கள் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். அந்தக் கட்டையான பெண், "சரிம்மா" என்றாள். நாலு பேரும் திரும்பிப் போனார்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செல்வி என் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, நீ ஊருக்குப் போயிடுவ. நான் இங்க இருக்கணும்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தெருவைச் சுற்றி நடந்தேன். பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றுதான். பூமணியின் வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. இரண்டு கதவும் திறந்தே இருந்தன. ஆனால் தண்ணீர் நகரவில்லை. நிலைவாசல் நடுவே ஒரு பூவரச இலை போகவும் இல்லை, வரவும் இல்லை. புளித்த வாடை அடித்தது. பூமணி உயர்த்திய கட்டில் மேல் சம்மணம் போட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மேசை மேல் அடுப்பு.

"வாங்கக்கா. கட்டிலுக்கு வாங்க, கால் ஊறிரும். தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி இருக்கட்டும். வீட்டைக் காட்டு."

சுவரில் கரியால் கிழித்த கோடுகள் ஏணி மாதிரி இருந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு. "இது மகளப் பெத்த வருஷம். இது அவர் செத்த வருஷம். இதுதான் ஆக உயரம்." என் தோளுக்கு மேலே இருந்தது அது. இப்போதைய தண்ணீர் அதில் பாதிகூட இல்லை.

"இவ்வளவு வந்தும் வீடு நின்றிருக்கே?"

"வந்தாலும் ஒரு நாளைக்கு மேல நிண்டதில்லக்கா. அம்மா தந்த வீடு. மகளுக்கு எழுதி வெச்சிரிக்கன், வாற ஆவணியில அவளுக்குக் கலியாணம்." சுவரைத் தொட்டுக் காட்டினாள். நானும் தொட்டேன். என் விரல் உள்ளே போனது. பிசைந்த மாவில் போகிற மாதிரி, முதல் கணு வரை.

"பாயிஸ் மதில்ல தண்ணிக்கு வழி வெச்சுத்தான் கட்டினவன்" என்றாள் பூமணி, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. "பிறகு ஆரோ அடைக்கச் சொன்னயாம்."

நான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை.

அப்போதுதான் குசினிச் சுவர், அவள் சமையலறைச் சுவர், இறங்கியது. விழுந்தது என்று சொல்ல முடியாது. சத்தமே இல்லை. குருக்கள்மடத்தில் தேத்தண்ணியில் தவறவிட்ட சர்க்கரைத் துண்டு எப்படி இறங்கியதோ, அப்படி இறங்கியது. வெளிச்சம் திடீரென்று வீட்டுக்குள் வந்தது. அந்த வெளிச்சத்துக்கு நேர் எதிரே, வழவழவென்று, என் மதில்.

பூமணி கையை வாயில் வைத்தாள். பிறகு, "குசினிதானே" என்றாள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. "பாயிஸைக் கூப்பிடுங்க! ஓடுங்க!" என்று தெருவில் நின்று கத்தினது மட்டும் நினைவிருக்கிறது.

பாயிஸ் கடப்பாரையோடு வந்தார். அலவாங்கு என்கிறார்கள் இங்கே. எங்கே உடைக்க என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அந்த ஐந்து இடமும் எனக்கு மறக்கவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலவாங்கை ஓங்கினார். முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. நாலாவது அடியில் தண்ணீர் அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓட்டை தானாகவே பெரிதானது, நேற்று முகத்துவாரத்தில் கண்டது மாதிரியே. என் வாழைக்கன்று ஐந்தும் போயின. கொட்டி நிரப்பிய கிறவல் மண்ணை அறுத்துக்கொண்டு தண்ணீர் கேட் வழியாக ஆற்றுப் பக்கம் ஓடியதில், முற்றத்தின் நடுவே ஓர் ஆள் இறங்குகிற பள்ளம் விழுந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பூமணியின் வாசல் தரை தெரிந்தது. அந்தப் பூவரச இலை எங்கள் முற்றம் வழியாகத்தான் போயிருக்கும். நான் கவனிக்கவில்லை.

குசினி போனது போனதுதான். மீதி வீடு நின்றது. ஆண்கள் முட்டுக் கொடுத்தார்கள். குசினியைச் சிமெண்டுக் கல்லில் கட்டித் தருவது எங்கள் பொறுப்பு என்று நான் சொன்னபோது, ரவி தலையாட்டினான். மதிலில் ஐந்து ஓட்டையும் மறுபடி வைக்க வேண்டும் என்று பாயிஸிடம் சொன்னேன்.

"வெச்சித் தாறன் அம்மா" என்றார். "பாம்பு வராம கம்பி வலையும் போட்டுத் தாறன்." தெருவே சிரித்தது, ஏன் என்று தெரியாமல். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

நான் கிளம்பும் நாள் பூமணி குறுக்கு வழியாக வந்தாள். மதில் இடிந்த இடம் இன்னும் கட்டப்படவில்லை. கையில் மறுபடி ஒரு தயிர்ச் சட்டி. விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றேன். "அப்ப இஞ்சயே இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டேன். சட்டி பாதி ஆனபோது சொன்னேன்.

"அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது நான்தான் பூமணி."

"தெரியும்கா."

கரண்டி கையில் நின்றுவிட்டது. "எப்போ தெரியும்?"

"அடைச்ச அண்டைக்கே பாயிஸ் எனக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போன. நான் என்ன செய்ய? தாய் குடுக்கிற வீடு, தாய் சொன்னா சரிதானே."

"பால் காய்ச்சின அன்றைக்கு என் வீட்டிலே உட்கார்ந்து சாப்பிட்டியே. அப்போ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் கேட்டன்தானேக்கா, தண்ணி எங்க போச்சு எண்டு." அவள் என் முழங்காலைத் தட்டினாள். "நீங்க எனக்குப் புக்கை போட்டீங்க."

இந்த முறை பஸ்ஸில் என்ன பார்த்தேன், விமானத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊருக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல், ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். மூன்றடி தூக்கிய என் வீட்டின் பின்சுவர் ஓரமாக அதைச் சாய்த்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, வழி தெரிந்த மாதிரி, என் கொல்லையை விட்டு இறங்கி, குறுகலான ஒரு சந்து தாண்டி, பின்மனைக்குள் போய் நின்றது.

அங்கே இப்போது வீடு இல்லை. சரோஜாவின் வீடு இருந்தது. நான் வீட்டைத் தூக்கிய பிறகு வந்த இரண்டாம் மழைக்கு அவளுடைய பின்சுவர் விழுந்தது. மண்சுவர், அவள் தலையெழுத்து என்று எல்லாரிடமும் சொன்னவள் நான். ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, சீர்காழியில் மகள் வீட்டோடு போய்விட்டாள்.

அவளுக்கும் தெரிந்திருக்குமா? அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து நின்றாளே, ஏதாவது கேட்டாளா? எவ்வளவு யோசித்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நேற்று சீர்காழி பஸ் ஏறினேன். ஏறின உடனே கண்டக்டரிடம், "எனக்குப் பலகை படிக்க நேரமாகும். ஊர் வந்தால் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.